முன்கூட்டிச் சிரித்தவள்

ஒரே வீட்டிலிருந்து கிளம்பிப் போய், ஒரே படத்தைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த இரண்டு பெண்களுக்கு ஒரே தபாலில் இரண்டு உறைகள் வந்தன. சின்னவளுக்கு நாலரை நட்சத்திரம். பெரியவளுக்கு இரண்டேகால்.

நட்சத்திரம் படத்துக்குத்தானே கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பார்வையாளர் கருத்து வாரியம் வந்ததோடு அந்தக் குழப்பம் ஒழிந்தது. படம் நல்ல படம் என்பதை எடுத்தவர்களே முடிவு செய்து, முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்கள். அதை ரசிக்க யாருக்குத் தகுதி இருக்கிறது என்பது மட்டும்தான் மிச்சமிருந்த கேள்வி. அதைக் கவனித்துக்கொள்ள நாலு மாடிக் கட்டடமும், நானூறு சிப்பந்திகளும், ஒரு தலைவரும் வந்து சேர்ந்தார்கள்.

தியேட்டரில் முதல் வரிசைக்கு முன்னால் ஆறு நாற்காலிகள் போட்டிருக்கும். ஆய்வாளர்கள் அதில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் அட்டை, அட்டையில் தாள், நெற்றியில் சின்ன விளக்கு. யார் எந்த நிமிஷத்தில் சிரித்தார்கள், எத்தனை நொடி சிரித்தார்கள், பல் தெரிந்ததா, பக்கத்திலிருப்பவர் தொடையைத் தட்டினார்களா என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். படம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம்.

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர்கள். பெரியவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு. முகத்துக்கு நேரே ஆவி. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சின்னவள் பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் சிரித்த முகத்தோடு பெயர் கேட்டு எழுதுகிறவள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன்.

வாரத்தில் ஒருநாள் மத்தியானம் பெரியவளுக்கு விடுப்பு. அன்றைக்கு அவள் சினிமாவுக்குப் போவாள், சிரிப்பாள். இடுப்பு வலியும் கால் வீக்கமும் போக அவளுக்கென்று அவள் வைத்திருந்தது அந்த இரண்டரை மணி நேரம்தான்.

அவர்கள் பார்த்த படம் 'அப்பாவுக்கு வழி தெரியும்'. ஒரு குமாஸ்தா தன் மனைவி, மக்கள், மச்சான் எல்லோரையும் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கக் கூட்டிப் போகிறான். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடக்கிறான். கூடாரம் விழுகிறது, குரங்கு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகிறது, மச்சான் மரத்தில் மாட்டிக்கொள்கிறான். இப்படிப்பட்ட படம். பெரியவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சின்னவளோ, இருக்கிறதைச் சொல்ல வேண்டுமல்லவா, முக்கால்வாசிப் படத்தில் பெரியவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். தியேட்டரே சிரிக்கும் சத்தத்தில் திடுக்கிட்டு விழிப்பாள், எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள், சிரிப்பு அடங்கினதும் மறுபடி தூங்கிப்போவாள்.

அவளுக்குத்தான் நாலரை.

அத்தோடு போயிருந்தால் பெரியவள் மனசுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு விட்டிருப்பாள். ஆனால் உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. "ஒரு கதவு எண்ணுக்கு ஒரு கருத்து" என்று மேலே தடித்த எழுத்தில் புது விதி ஒன்று போட்டிருந்தது. வீட்டில் யாருக்கு அதிக நட்சத்திரமோ அவர் அடுத்த ஐந்து வருஷத்துக்கு அந்த வீட்டின் கருத்துரிமையாளர். மற்றவர்கள் சார்புச் சிரிப்பாளர்கள். கருத்துரிமையாளர் சிரித்து மூன்று நொடி கழித்துத்தான் சார்புச் சிரிப்பாளர்கள் சிரிக்கலாம். அவருக்குப் பிடித்த படம்தான் அவர்களுக்கும் பிடிக்கும். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

பெரியவள் அந்தத் தாளை நாலு தரம் படித்தாள். ஐந்து வருஷம்! இவள் எப்போது தூக்கம் கலைந்து சிரிப்பாள் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

சின்னவள் நட்சத்திரங்களை ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டினாள். அரை நட்சத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி, தனியாகக் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போனால்கூட அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டியிருந்தது. பெரியவளுக்கு அந்த நாலைவிட அந்த அரைதான் உறுத்தியது. நாலு என்றால் ஏதோ பொத்தாம்பொதுவாகப் போட்டுவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அரை என்றால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சின்னவள் பேச்சே மாறிவிட்டது.

"ரசனைங்கறது ஒரு பொறுப்புக்கா," என்றாள் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே. "சும்மா சிரிச்சுட்டுப் போறதுக்கு நாம யாரு?"

"நீ தூங்கினியேடி."

"கண்ணை மூடிட்டு உள்வாங்கினேன்."

"வாயைத் திறந்துட்டா?"

"உனக்கு இரண்டேகால் வந்ததுல எனக்கும் வருத்தம்தான்கா. அதுக்காக என்மேல பாயாதே."

மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து, "இந்த வாரம் எந்தப் படத்துக்குப் போகலாம்?" என்று சின்னவளைக் கேட்டுவிட்டுப் போனாள். பத்து வருஷமாகப் பெரியவளைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். பெரியவள் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு டாக்டர் கோட்டின் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்தவள் எடுக்க மறந்தாள். இருபது வருஷத்தில் அவள் கருக்கிய முதல் காலர் அது.

புருஷனிடம் சொல்லி அழுதாள்.

"விடு. சின்னவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நாலரை வாங்கியிருக்காளே," என்றார் மெக்கானிக்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். விடுப்பு நாளில் சினிமாவுக்குப் போகாமல் வாரியத்துக்குப் போனாள்.

கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், முத்திரைக்கட்டையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா குறை?"

"எனக்கு இரண்டேகால் போட்டிருக்கீங்க."

"இரண்டேகால் கிடைக்காம எத்தனை பேர் தவிக்கிறாங்க தெரியுமா? வந்தவரைக்கும் சந்தோஷப்படுங்க."

"என் ஓரகத்திக்கு நாலரை போட்டிருக்கீங்களே."

ஜன்னலம்மாள் முத்திரைக்கட்டையைக் கீழே வைத்தாள். "அப்படிச் சொல்லுங்க. அப்ப குறை உங்க மார்க்குல இல்ல, அவங்க மார்க்குல. ஒப்பீட்டு மனக்குறைப் பிரிவு, மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது."

மூன்றாவது மாடியில் இருந்த கூட்டத்தைப் பார்த்துப் பெரியவள் மலைத்துப்போனாள். மற்றப் பிரிவுகளில் எல்லாம் ஆள் இல்லாமல் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்க, இங்கே வரிசை படிக்கட்டைத் தாண்டி வளைந்து நின்றது. அவளுக்கு முன்னால் ஒரு முடிதிருத்துகிறவர்.

"நான் மைத்துனன்மேல," என்றார் அவர், கேட்காமலே. "நீங்க?"

"ஓரகத்தி."

"ஓரகத்திக்குன்னு தனி வரிசை இருந்துச்சும்மா. கூட்டம் தாங்காம எங்களோட சேர்த்துட்டாங்க." பிறகு முன்னால் நிற்பவரைக் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "அந்தாளு எனக்குப் பின்னால வந்தான். எப்படி முன்னால போனான்னு பாத்தீங்களா?"

கொடுத்த படிவத்தில் கேள்விகள் கச்சிதமாக இருந்தன. யார்மீது பொறாமைப்படுகிறீர்கள்? (ஒருவர் மட்டும்.) எத்தனை நாளாக? தூக்கம் கெடுகிறதா? பசி குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? சம்பந்தப்பட்டவர் உங்களிடமிருந்து இரவல் வாங்கித் திருப்பித் தராத பொருள் எதுவும் உண்டா? பெரியவள் கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் "சல்லடை" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது.

பிரிவு அதிகாரி படிவத்தைப் படித்துவிட்டு அவளை அனுதாபத்தோடு பார்த்தார்.

"நல்லா நிரப்பியிருக்கீங்க. பொறாமை நிரூபணமாயிடுச்சு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க கோப்பைப் பாத்தா, பிரச்சினை வேற மாதிரி இருக்கே." அவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். "நாற்பத்திரண்டாவது நிமிஷம். நாற்காலி எண் ஜி பன்னிரண்டு. சத்தமாகச் சிரித்தார். ஒன்பது நொடி. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. தியேட்டரில் யாருமே சிரிக்கவில்லை."

"ஆமா, சிரிச்சேன்."

"சிரிக்க வேண்டிய இடம் அதுக்கப்புறம் பதினோரு நொடி கழிச்சுத்தாம்மா வருது. படம் எடுத்தவங்க கொடுத்த சிரிப்பு அட்டவணை எங்ககிட்ட இருக்கு. 'அப்பா ஓடையில் விழுகிறார், அனைவரும் சிரிக்கவும்.' நீங்க அவர் விழறதுக்கு முன்னாடியே சிரிச்சிருக்கீங்க. முன்கூட்டிச் சிரிக்கிறது சாதாரணக் குற்றம் இல்ல. ஒண்ணு, நீங்க படத்தை ஏற்கெனவே திருட்டுத்தனமாப் பாத்திருக்கணும். இல்லேன்னா யாரோ உங்களுக்குத் தகவல் கொடுத்திருக்கணும்."

"யாரும் கொடுக்கலைங்க. அந்த அம்மா..."

"எந்த அம்மா? பேரு சொல்லுங்க."

"படத்துல வர்ற அம்மா."

"படத்துல வர்றவங்களைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது."

அவர் அவளைச் சிரிப்பு மறுபதிவு அறைக்கு அனுப்பினார். படம் வெளிப்புறப் படம் என்பதால் அறைக்குள் வெளிப்புறம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. சுவரில் மலைப்படம், மூலையில் பிளாஸ்டிக் செடி, காற்றுக்கு ஒரு மேஜை விசிறி. ஒலிபெருக்கியில் ஒரு குருவி, எண்ணி எண்ணிக் கத்தியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அவள் கன்னத்தில் இரண்டு கம்பிகளை ஒட்டினார்.

"நாற்பத்திரண்டாவது நிமிஷச் சிரிப்பை அப்படியே திருப்பிச் சிரிங்க. வெளிப்புறச் சிரிப்புங்கறதால வாயைக் கொஞ்சம் கூடத் திறக்க அனுமதி உண்டு."

பெரியவள் வாயைத் திறந்தாள். பிளாஸ்டிக் செடியைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவின் அரை நட்சத்திரம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது.

வெள்ளைக் கோட்டுக்காரர் இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இது பொறாமைம்மா. கலப்படமே இல்லாத சரக்கு. நாங்க கேக்கறது சிரிப்பு."

மூன்று தரம் முயன்றும் அதேதான் வந்தது. கடைசியில் வழக்கு முழு வாரியத்தின் விசாரணைக்குப் போனது. ஒரே கதவு எண் என்பதால் சின்னவளையும் வரச்சொல்லி ஓலை வந்தது. அவள் பல் டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டு, மாலைக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சிங்காரித்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்கா இப்படி ஊர் சிரிக்க வைக்கிறே?" என்றாள் படியேறும்போது.

"ஊர் சிரிச்சா உனக்கு நல்லதுதானே. கூடச் சேர்ந்து சிரிச்சு அஞ்சாவதையும் வாங்கிக்கோ."

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் தலைவர். அவர் பெருத்த உருவம், மெல்லிய குரல். இரண்டு பக்கமும் ஆய்வாளர்கள். பழக்கதோஷம், நாற்காலிகளை எல்லாம் திரை மாதிரி இருந்த வெள்ளைச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் போட்டிருந்தார்கள். கூட்டம் ஒரு நிமிஷ இடைவேளையோடு தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்று, ஒன்றும் பேசாமல், ஒன்றும் வாங்காமல், மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு இரண்டு பெண்களும் கிழித்த பாதி டிக்கெட்டின்மேல் கைவைத்து, பார்த்ததை மட்டுமே ரசித்தோம் என்று உறுதி சொன்னார்கள்.

தலைவர் முதலில் சின்னவளைக் கேட்டார். "ஏம்மா சிரிச்சீங்க?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

மேஜையில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. ஓர் ஆய்வாளர் கையைத் தட்டியேவிட்டார்.

"கேட்டீங்களா!" என்றார் தலைவர். "முப்பது வருஷமா இந்தப் பதிலுக்காகத்தான் இந்த வாரியம் பாடுபடுது. நிறையப் பேர் என்ன செய்யறாங்க? அவங்களுக்குச் சிரிப்பு வர்றப்ப சிரிக்கிறாங்க. அப்புறம் ஒழுங்கு எங்கேருந்து வரும்? இந்த வாரியத்துல நாங்க யாரும் இதுவரைக்கும் ஒரு படம்கூடப் பாத்ததில்ல. பெருமையாச் சொல்றேன். பாத்தா கருத்து வந்துடும். கருத்து வந்தா பாரபட்சம் வந்துடும். எங்க தீர்ப்பு சுத்தமா இருக்குதுன்னா, எதைப் பத்தித் தீர்ப்பு சொல்றோம்னு எங்களுக்குத் தெரியாததாலதான்."

பிறகு பெரியவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அவர் விழப்போறார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "அந்த அப்பா ஓடையைக் காலை நனைக்காமத் தாண்டறேன்னு சபதம் பண்றாருங்க. மடக்கு நாற்காலியைத் தலையில தூக்கிக்கிட்டு, கல்லுமேல கல்லாக் காலை வச்சுப் போறாரு. நான் பாருங்க, எப்படிப் போறேன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டறாரு. பிள்ளைங்க எல்லாம் அவரையே பாக்குதுங்க. அந்த அம்மா மட்டும் பாக்கலை. அவ பாட்டுக்குக் குனிஞ்சு, காஞ்ச துணி மூட்டையைத் தூக்கி, தண்ணி தெறிக்காத மேட்டுல வச்சுட்டு, அதுல இருந்து ஒரு துண்டை மட்டும் உருவித் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசலை. எங்க வீட்டுக்காரரும் நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு ஏணியில ஏறுவாரு. நானும் போய் மருந்துப் பெட்டியை எடுத்து வச்சுப்பேன். அதான் சிரிச்சேன்."

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த வயதான ஆய்வாளர் அட்டையைக் கீழே போட்டுவிட்டார். அவர்தான் அன்று ஜி வரிசையைப் பார்த்தவர்.

"துண்டா?" என்றார். "அதுக்காகவா? நானும் பதினேழு நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேம்மா. இருபத்திரண்டு வருஷமா முதுகாலதான் படம் பாக்கறேன். சனங்க அழறாங்க, சிரிக்கிறாங்க, ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சுக்கறாங்க. என்னத்துக்குன்னு தெரியாம எழுதி எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போறேன். அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் இரண்டேகால் போட்டேன். அந்தக் கால்கூடப் போட்டிருக்க மாட்டேன், விதி இருந்ததால போட்டேன்."

தலைவர் இருமினார். எல்லோரும் அவர் அந்த ஆய்வாளரைக் கண்டிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் மேஜைமேல் சாய்ந்து, மெல்லிய குரலை இன்னும் மெல்லியதாக்கிக்கொண்டு கேட்டார்:

"அப்புறம்? விழுந்தாரா?"

"விழாம? நாற்காலி அவரோடேயே மடங்கிடுச்சுங்க."

"உள்ளே மாட்டிக்கிட்டாரா?"

"கையும் காலும் வெளிய, மிச்சமெல்லாம் உள்ளே. அப்படியே ஓடையோட மிதந்து போறாரு. போகும்போதும் இந்தப் பக்கம்தான் வழின்னு கையைக் காட்டிக்கிட்டே போறாரு."

அறையில் சிரிப்பு வெடித்தது. ஓர் ஆய்வாளர் மேஜையைக் குத்தினார். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும்" என்றார், பிறகு, "மச்சான் என்ன ஆனான்?" என்றார். பெரியவள் படம் முழுவதையும் சொன்னாள். குரங்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைச் சரியாகப் பிடித்த இடத்தில் வயதான ஆய்வாளர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது சின்னவள்தான். அவளுக்கும் படம் புதிது.

சிரிப்பு ஓய்ந்ததும் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டையை மடித்து வைக்கும்போது அவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. தன்னைவிட அதிகம் அனுபவித்துவிட்ட ஒருத்தியைப் பார்க்கிற முகம் அது.

"அட்டவணை தப்பாக முடியாது," என்று தீர்ப்பு சொன்னார். "அட்டவணைப்படி அந்த இடத்தில் ஒரே ஒரு சிரிப்புத்தான். ஆகவே மனுதாரர் சிரித்தது அதே சிரிப்புத்தான். பதினோரு நொடி சீக்கிரம் வந்திருக்கிறது. சீக்கிரம் வருவதைத் தண்டிக்க நம்மிடம் விதி இல்லை. ஏனென்றால் நம் அலுவலகத்தில் இதுவரை யாரும் எதற்கும் சீக்கிரம் வந்ததில்லை. நேரம் தவறாமைக்காக மனுதாரருக்கு ஐந்து நட்சத்திரம். அவரே அந்தக் கதவு எண்ணின் கருத்துரிமையாளர். மற்றவர் சார்புச் சிரிப்பாளர்."

படியிறங்கும்போது பெரியவளுக்கு இடுப்பு வலி காணாமல் போயிருந்தது. சின்னவள் முகம் தொங்கியிருந்தது. ஓரக்கண்ணால் அதைப் பார்க்கப் பார்க்க, வெயிலில் குளிர்ந்த மோர் குடிப்பது போலிருந்தது. பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது.

"அக்கா," என்றாள் சின்னவள் வாசலில். "அந்தத் துண்டு சீன் நிஜமாவே இருந்ததா?"

"இருந்தது."

"உனக்கு மட்டும் எப்படிக்கா தெரியுது இதெல்லாம்?" அவள் குரலில் இருந்தது என்னவென்று பெரியவளுக்குத் தெரியும். இத்தனை நாளாக அவளே வைத்து வளர்த்தது அல்லவா. அதை இன்னொருத்தியிடம் கேட்பது என்னமாய் இனித்தது!

மறு வாரம் குடும்பம் முழுக்க, அண்ணன் தம்பி உட்பட, புதுப்படத்துக்குக் கிளம்பியது. 'மாமாவும் மலையும்'. இதுவும் குடும்பத்தோடு வெளியே போய் அவஸ்தைப்படுகிற படம்தான். பெரியவள் ஐந்து நட்சத்திர வில்லையைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அவளுடைய சார்புச் சிரிப்பாளர்கள். எதிரே, திரைக்கு முதுகைக் காட்டி, ஆறு நெற்றி விளக்குகள்.

படம் தொடங்கி மாமா முதல் தரம் வழுக்கியபோது பெரியவள் சிரிக்கலாமா என்று யோசித்தாள். இது முன்கூட்டியா, பின்கூட்டியா? யோசித்து முடிப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். பக்கத்தில் புருஷன் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"சிரியேன்டி. அடக்க முடியலை," என்றார் காதோரம்.

"இருங்க. அவசரப்படாதீங்க. இது என் பேர்ல பதிவாகும்."

"அண்ணி, எனக்கு விக்கல் எடுக்குது," என்றான் பஸ்காரக் கொழுந்தன்.

அவர்களைப் பார்த்துப் பாவமே என்று அவள் ஒரு தரம் சிரித்து வைத்தாள். மூன்று நொடி கழித்து மூவரும் ஒரேயடியாக வெடித்தார்கள். அப்போது திரையில் மாமாவின் தாயார் அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் வெலவெலத்துப்போனாள். அதற்குப்பிறகு அவள் திரையைப் பார்க்கவில்லை. ஆய்வாளரின் பென்சிலைத்தான் பார்த்தாள். அது எழுதினால் பயந்தாள், எழுதாவிட்டாலும் பயந்தாள். படம் முடிந்தது.

"நீங்க எல்லாம் போங்க, நான் கருத்தைப் பதிவு பண்ணிட்டு வர்றேன்," என்றாள்.

கருத்துப் பதிவு தியேட்டருக்குப் பக்கத்திலேயே, ஒரு சின்ன அறையில். கீழ்த்தளத்து ஜன்னலம்மாளை அன்று இங்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். பதினான்கு பக்கப் படிவம். ஐந்து நட்சத்திரக்காரர்களுக்கு மட்டும் நீளம். முதல் பக்கம்: மலையைப் பற்றிய உங்கள் கருத்து. இரண்டாவது பக்கம்: மாமாவைப் பற்றிய கருத்து, மலையோடு ஒப்பிட்டு.

பெரியவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. ஜன்னல் கம்பி வழியாக வெளியே பார்த்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், தேநீர்க் கடை வாசலில் அவளுடைய வீட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். புருஷன் ஒரு ஸ்டூலின்மேல் ஏறி, மாமா மாதிரி மலையிலிருந்து குதிக்கப் போகிறவராகக் கையை விரித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அந்த மனிதர் தெருவில் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. கொழுந்தன் கடைக்காரரின் துடைப்பத்தைக் கயிறு என்று பிடித்து இழுத்தான். சின்னவள் மாமி வேஷம். அவள் என்னவோ சொன்னாள், இங்கே கேட்கவில்லை. புருஷன் ஸ்டூலிலிருந்து சரிந்து கொழுந்தன்மேல் விழுந்தார். மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். தேநீர் குடிக்க வந்தவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்களில் ஒருவருக்கும் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது.

சின்னவள் என்ன சொன்னாள்? அப்படி என்னதான் சொல்லியிருப்பாள்?

"அங்கே பாக்காதீங்கம்மா," என்றாள் ஜன்னலம்மாள். "அது பதிவுல இல்லாத சிரிப்பு. கணக்கில வராது. நீங்க பன்னிரண்டாவது பக்கத்துல கட்டைவிரல் வைக்கவும் மறந்துடாதீங்க."

"இந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கணும்னா என்ன செய்யணும்?"

"சுலபம். அஞ்சு வருஷம் வச்சிருந்துட்டு, வேண்டாம்னு ஒரு மனு போடணும்."

பெரியவள் முதல் பக்கத்திலிருந்து பதினாலாவது பக்கம் வரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்கே, "ஜன்னல் வழியாகப் பார்க்க நன்றாக இருந்தது" என்று எழுதினாள். வேகவேகமாகக் கட்டைவிரலை வைத்தாள். ஜன்னலம்மாள் அதைப் படித்துப் பார்த்து, "அருமையா எழுதியிருக்கீங்க, இப்படித்தான் தெளிவா இருக்கணும்," என்று முத்திரை குத்தினாள். பெரியவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். கால் வீக்கத்தையும் பொருட்படுத்தாமல், வண்டிகளுக்கு நடுவே புகுந்து தெருவைக் கடந்தாள். இன்னும் பத்தடி. இன்னும் ஐந்தடி. சின்னவள் மறுபடி மாமி மாதிரி இடுப்பில் கையை வைத்து, வாயைத் திறந்து,

"ஏய், அண்ணி வந்துட்டாங்க," என்றான் கொழுந்தன்.

சிரிப்பு நின்றது. புருஷன் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். மூன்று பேரும் வரிசையாக நின்று அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்னம்மா?" என்றார் அவர், மரியாதையாக. "படம் நல்லா இருந்துச்சா நமக்கு?"

"நீ என்னடி சொன்னே இப்ப?" என்று பெரியவள் மூச்சிரைக்கச் சின்னவளைக் கேட்டாள். "மாமி என்ன சொன்னா? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் சின்னவள். "நாங்க சும்மா நின்னுட்டிருந்தோம்." கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.